தொப்பி கழற்றாதவர்கள்

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். தொழிற்சாலையின் ஆளணிப் பொறுப்பாளரான பெண், அப்பா வேலை செய்யும் பகுதியின் மேற்பார்வையாளர், தொழிற்சங்கப் பிரதிநிதி, அப்பா, அப்பாவுக்குத் துணையாக நான். அம்மா வெளியே காருக்குள் இருந்தார். அங்கே இருந்திருக்க வேண்டிய இன்னொருவர் இருக்கவில்லை. எவரைக் கண்டு அப்பா தொப்பியைக் கழற்றினாரோ அவர். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவருக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதென்று அந்த மூன்று டெனிஷ்காரருக்கும் தெரியாது. நாங்கள் மேலே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கீழே தன் தொப்பியோடு நின்று வேலை செய்துகொண்டிருந்தார்.

டென்மார்க்கில், ஸ்கீவ நகரத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் பன்றி ஈரலை அரைத்து, ரொட்டியில் பூசிச் சாப்பிடுகிற பசையாக்கி, சின்ன அலுமினியத் தட்டுகளில் அடைப்பார்கள். இந்த நாட்டுப் பிள்ளைகள் அதைத் தின்றுதான் வளர்கிறார்கள், நானும் தின்றேன். அப்பா அங்கே இருபத்திரண்டு வருடம். உள்ளே போகிற எவரும் முடியை மூடி ஒரு நீலத் தொப்பி போட வேண்டும். கடதாசி போல மெல்லியது, ஒரு நாள் போட்டு எறிந்துவிடுவது. கதவைத் தாண்டி உள்ளே போனால், திரும்ப வெளியே வரும்வரை அதைக் கையால் தொடக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறவரே அப்பாதான். முடி தெரிந்தால் வீட்டுக்குப் போ என்பதை அவர் டெனிஷிலும் சொல்வார், போலந்துக்காரரிடம் கேட்டுப் பழகிய போலிஷிலும் சொல்வார்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை மூன்று தற்காலிக ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். மூன்றாவது ஆள் திரும்பினார். ஊரில் எங்கள் ஆட்கள் பரம்பரையாக எந்த வீட்டின் தோட்டத்தில் கூலிக்கு நின்றார்களோ, ஊருக்குத் தலைமைக்காரரான அந்த விதானையார் வீட்டு மகன். அப்பாவைவிடப் பதினொரு வயது இளையவர். ஸ்கீவயில் தமிழர் கொஞ்சப் பேர்தான். ஒருவரை ஒருவர் காணாமல் இருக்க முடியாது. ஆனால் அவர் நடத்திய கடை பூட்டுப்பட்டதும், அவர் வேலை தேடிக்கொண்டிருந்ததும் அப்பாவுக்குத் தெரியாது. அப்பாவின் வலது கை மேலே போய் நீலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தது. தலை கொஞ்சம் குனிந்தது. குனிந்த தலைக்கு நேர் கீழே மூடாத தொட்டி, அதில் அரைத்த ஈரல்.

மேற்பார்வையாளர் தட்டுகள் ஓடும் இயந்திரப் பட்டியை நிறுத்தினார். தொட்டியில் மயிர் எதுவும் அகப்படவில்லை. இருந்தாலும் முழுவதையும் கொட்டினார்கள்.

"ஏன் கழற்றினீர்கள்?" என்று ஆளணிப் பொறுப்பாளர் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அப்பாவுக்கு அந்தளவு டெனிஷ் விளங்கும். ஆனாலும் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"கடிச்சது எண்டு சொல்லு."

"அப்பா."

"கடிச்சது எண்டு சொல்லு தம்பி."

நான் சொன்னேன். தலை கடித்ததாம், அரிப்புத் தாங்காமல் கை தன்னையறியாமல் போய்விட்டதாம். தொழிற்சங்கப் பிரதிநிதி, மீசை வைத்த பருத்த மனிதர், என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைப்பாடும் இல்லை என்று அப்பாவுக்காகப் பேசினார். அதனால் எழுத்து மூல எச்சரிக்கையோடு விட்டார்கள். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை. அப்பா கையெழுத்திட்டார். ஒவ்வோர் எழுத்தாக, முப்பத்தைந்து வயதில் டெனிஷ் மொழிப் பள்ளியில் படித்த எழுத்தில். ஊரில் அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். கையெழுத்திட்டு முடிந்ததும் எச்சரித்ததற்காக நன்றி வேறு சொன்னார்.

நடைவழியில் பிரதிநிதி என்னை நிறுத்தினார். "எனக்கு இந்த வேலையைப் பழக்கியதே உன் அப்பாதான். மூக்கில் பூச்சி ஏறினாலும் தொப்பியைத் தொடாத மனிதர். கடித்ததாம்! ஏன் பொய் சொல்கிறார்?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த வெட்கத்தைச் சுமக்க வேண்டியவர் கீழே நிற்கிறார், நான் ஏன் சுமக்கிறேன் என்று ஆத்திரமாக இருந்தது.

அம்மா கார் கண்ணாடியை இறக்கினார். "என்னவாம்?"

"எச்சரிக்கை. இன்னொருக்கா எண்டால் வேலை போச்சு."

"இஞ்சேருங்கோ, என்னெண்டு சொன்னனீங்கள்?"

"கடிச்சது எண்டு," என்றார் அப்பா, பின் இருக்கையில் ஏறியபடி.

"ஓம், கடிச்சதுதான். அம்பது வருஷமாக் கடிக்குது." அம்மா காரை எடுத்தார்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று சொல்லவேண்டும். ஊரில் அப்பாவின் ஆட்கள் தோளில் சால்வையோடு அந்த வீட்டாரின் முன் போக முடியாது. கண்டதும் சால்வையை எடுத்துக் கமக்கட்டில் இடுக்க வேண்டும், அல்லது இடுப்பில் கட்ட வேண்டும். எடுக்காதவர்களுக்கு என்ன நடந்ததென்று அப்பா எனக்குச் சொன்னதில்லை, அம்மா சொல்லியிருக்கிறார். ஏழு வயதில் பழகிய கை அது. டென்மார்க்கில் தோளில் சால்வை இல்லை. கை தேடிப்பார்த்துத் தலையில் தொப்பியைக் கண்டுபிடித்திருக்கிறது. மண்டப வாசலில், கடைத்தெருவில், வாகனத் தரிப்பிடத்தில், உறைபனியிலும் அப்பா அந்த மனிதருக்கும் அவருடைய தமையனுக்கும் கம்பளித் தொப்பியைக் கழற்றுவார். எங்கள் டெனிஷ் அயலவர் ஒருத்தி அதைக் கண்டு, உன் அப்பா எவ்வளவு மரியாதையான மனிதர் என்று என்னிடம் சொன்னாள். நான் பெருமையோடு தலையாட்டினேன்.

இதில் என்னை நானே மன்னிக்க முடியாத ஓர் இடம் உண்டு. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். இஷொய் என்ற புறநகரில் ஓர் அறை, காலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை, மிச்ச நேரம் நூலகம். அப்போது என் ஆய்வேட்டுக்காக எட்டு மாதமாக வாசித்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொப்பி கழற்ற மறுத்த சாதாரண சனங்களைப் பற்றி. நாற்பது பக்கம் எழுதியும் விட்டேன். அந்த நாற்பது பக்கத்திலும் அப்பாவின் கை எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்கள் வீட்டுக்குள்ளும் தொப்பியோடுதான் இருப்பார்கள், சாப்பிடும்போதுகூட. கழற்றுவதா இல்லையா என்பது எதிரே வரும் ஆளைப் பொறுத்தது. பிரபு வந்தால் கழற்று. நீதவான் முன் கழற்று. முதலாளிக்குக் கழற்று. மகன் தகப்பனுக்குக் கழற்று. அதற்கு நூறு வருடம் முன்பே அவர்கள் தங்கள் சமயத்தைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். தேவாலயச் சுவர்ச் சித்திரங்களுக்கு மேல் வெள்ளையடித்தார்கள், புனிதர்களின் சிலைகளை இறக்கி உடைத்தார்கள், இலத்தீனை விட்டுத் தங்கள் மொழியில் வேதம் வாசித்தார்கள். ஆனால் மரத்தையும் கல்லையும் வணங்காதே என்று படித்த அதே சனம், பிரபு குதிரையில் போனால் சேற்றில் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றியது. தேவாலயத்துக்குள்ளே யார் முன் வாங்கில் இருப்பது, யார் கதவோரம் இருப்பது என்றுகூடத் தரம் பார்த்தார்கள்.

பிறகு ஒரு கூட்டம் கிளம்பியது. மற்றவர்கள் கேலியாக அவர்களைக் குவேக்கர்கள், நடுங்கிகள் என்றார்கள். நெசவாளர், செருப்புத் தைப்பவர், பண்ணையாட்கள், வேலைக்காரிகள் அதில் அதிகம். எந்த மனிதனுக்கும் தொப்பி கழற்ற மாட்டோம் என்றார்கள். பெண்கள் முழங்கால் மடக்கி வணங்க மறுத்தார்கள். இதற்காக அடிவாங்கினார்கள், வேலை இழந்தார்கள், மறியலில், சிறைக்குள், கிடந்தார்கள். ஒரு கருத்தரங்கில் என் வகுப்பு மாணவன் ஒருவன், ஒரு தொப்பிக்காக இவ்வளவு பிடிவாதமா, அற்ப விஷயம் அல்லவா என்று கேட்டான். அற்பம் என்றால் கழற்றச் சொல்லிக் கேட்கிறவன் ஏன் விடவில்லை என்று நான் திருப்பிக் கேட்டேன். நல்ல பதில் சொன்னேனென்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு ரயிலேறினேன். அதே வாரத்தில்தான் அப்பா தொட்டிக்கு மேலே குனிந்தார்.

தொழிற்சாலைக் கூட்டம் முடிந்து வீடு வந்து, மத்தியானம் சோறு சாப்பிடும்போது இதையெல்லாம் அப்பாவுக்குச் சொன்னேன். இதுவரை என் படிப்பைப் பற்றி அவர் கேட்டதில்லை. எப்ப முடியும் என்று மட்டும்தான் கேட்பார். அன்று சோற்றைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவையள் கூலி வேலை செய்யிற ஆக்களோ?"

"கனபேர் ஓம்."

"தொப்பிக்கோ மறியல்?"

"தொப்பிக்குத்தான். ஒரு வழக்கிலை கேளுங்கோவன். உள்ளை வரேக்கை காவலாளி இவையின்ரை தொப்பியைக் கழட்டிப்போட்டான். நீதவான் திரும்பப் போட்டுவிடச் சொன்னார். போட்டுவிட்டு, ஏன் தொப்பியோடை நிக்கிறியள் எண்டு தண்டம் அடிச்சார்."

அப்பா சிரித்தார். சோறு புரைக்கேறுகிற அளவுக்குச் சிரித்தார். "எங்கடை விதானையாரும் அப்பிடித்தான் செய்திருப்பார். சரியா அப்பிடித்தான்."

"இன்னொரு பெடியன், தேப்பனுக்கும் கழட்டேல்லை. தேப்பன் ஒவ்வொரு தொப்பியாப் பறிச்சுப் பறிச்சு, கடைசியிலை அவனுக்கு ஒண்டுமில்லை. குளிருக்கு வெளியிலை போக ஏலாமல் வீட்டுக்குள்ளையே கிடந்தான்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "தேப்பனுக்கோ? அது பிழை."

கடைசி வருட உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற தங்கை, போனிலிருந்து கண்ணெடுக்காமல் டெனிஷில் சொன்னாள்: "பிழை இல்லை. யாருக்கும் என்றால் யாருக்கும்தான்."

"நீ சாப்பிடு," என்றார் அம்மா தமிழில்.

பிறகு நான் ஒன்று கேட்டேன். கேட்ட விதம் பிழை, கேட்டது பிழை இல்லை. அப்பாவும் அம்மாவும் இங்கே வந்த பிறகுதான் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார்கள். ஊர்க் கோவிலில் வெளிவீதியோடு நிறுத்தப்பட்டவர்களுக்கு, உள்ளே வாருங்கள், முன்னுக்கு இருங்கள் என்று சொன்ன ஓர் இடம் அது. ஞாயிறு தோறும் அப்பா கைதட்டி, ஒருவருக்கே முழங்கால் மடக்குவேன் என்று பாடுவார். "ஞாயிற்றுக்கிழமை ஒருத்தருக்கு மட்டும் எண்டு பாடுறீங்கள். திங்கட்கிழமை அது ஆருக்கு, அப்பா?"

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். அப்பா எழும்பிக் கை கழுவப் போனார்.

அடுத்த இரண்டு வாரம் அப்பா பட்ட பாட்டை அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நான் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். அந்த மனிதரும் அப்பாவும் ஒரே பட்டியில். போதாதற்கு அவருக்கு வேலை பழக்குகிற பொறுப்பு அப்பாவுக்கு. அப்பாவால் அவரை முகம் பார்த்து இதைச் செய் என்று சொல்ல முடியவில்லை. சுவரைப் பார்த்து, "அந்தத் தொட்டியைத் தள்ளினால் நல்லம்" என்பாராம். சுவர் தள்ளாது. கடைசியில் அப்பாவே தள்ளுவாராம். கை மேலே போகாமல் இருக்க, எந்நேரமும் இரண்டு கையிலும் எதையாவது பிடித்துக்கொண்டே நின்றாராம். ஒரு நாள், தொழிற்சாலையில் காயத்துக்கு ஒட்டுகிற நீல நிறப் பிளாஸ்டரை இரண்டு நெற்றிப்பொட்டிலும் ஒட்டித் தொப்பியைத் தலையோடு பிணைத்திருக்கிறார். மேற்பார்வையாளர் பயந்து, தலையில் என்ன காயம் என்று கேட்டாராம். அப்பா தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே, பழைய காயம் என்றாராம்.

அந்த மனிதர் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். அப்பாவை அவர் ஏவியதில்லை. தொப்பியைக் கழற்று என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று கிடைக்காமற்போனது அவருக்கும் புரியவில்லை. இரண்டாம் வாரம் சாப்பாட்டு அறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டிருக்கிறார்: "என்னடாப்பா, இப்பெல்லாம் கண்டும் காணாத மாதிரி? பெரிய ஆளாகியிட்டாய் போலை." நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஐம்பத்தொன்பது வயதுக்காரரைக் கேட்ட கேள்வி அது. அப்பா, "இல்லை நயினார்" என்று எழும்பியிருக்கிறார். ஊரில் அந்த வீட்டாரை அப்படித்தான் அழைக்க வேண்டும். நல்லவேளை, சாப்பாட்டு அறையில் தலையில் தொப்பி இல்லை.

அன்று பின்னேரம் அப்பாவே எனக்குப் போன் எடுத்தார். வழமையில் அம்மாதான் எடுத்துக் கொடுப்பார்.

"தம்பி, நான் யோசிச்சுப் பாத்தனான். இந்தக் கைக்குப் பக்டரி எது, ஹோல் எது எண்டு தெரியாது. அதுக்கு முகம் மட்டுந்தான் தெரியும். வெளியிலை கழட்டிக்கொண்டு உள்ளை மட்டும் கழட்டாமல் இருக்க ஏலாது. ஒருநாள் மறந்துபோய்ப் போகும். போனால் எனக்கு வேலை இல்லை. இந்த வயசிலை ஆர் எடுப்பினம்?"

"அப்ப?"

"வெளியிலையும் நிப்பாட்ட வேணும். பொங்கலுக்கு வாறியோ?"

அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். வந்தேன்.

தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் ஒரு விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. சைவக்காரர், சபைக்காரர் எல்லாரும் வருவார்கள். வெளியே சறுக்கல் பனி. வாசலில் நாலைந்து ஆண்கள் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் விதானையார் மகன். அப்பா சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். எனக்கும் தங்கைக்கும் முன்னால், அம்மாவோடு, நேராக நடந்தார். அவரது வலது கை இடுப்பளவுக்கு உயர்ந்ததை நான் பின்னாலிருந்து கண்டேன். அங்கே ஒரு கணம் தயங்கியது. பிறகு கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

"வணக்கம்," என்றார் அப்பா. நயினார் என்ற சொல் வரவில்லை.

"என்ன, குளிரோ?" என்று கேட்டார் அந்த மனிதர், தொப்பியைப் பார்த்து.

"ஓம். குளிர்தான்."

"ஹோலுக்குள்ளை ஹீற்றர் போட்டிருக்குது."

"உள்ளையும் எனக்குக் குளிரும்."

புகைத்துக்கொண்டு நின்ற ஒருவர் சிரித்தார். "மகன் கோப்பன்ஹேகனிலை படிக்கிறதைத் தேப்பன் ஸ்கீவயிலை செய்து காட்டுறார்." இன்னொருவர், "படிப்பிச்சால் இப்பிடித்தான். முதலிலை பெடியன் கெடுவான், பிறகு தேப்பன்," என்றார்.

விதானையார் மகன் என்னிடம் திரும்பினார். "தம்பி, வெள்ளைக்காரன்ரை சமயத்தைத்தான் படிக்கிறாயாம்? எங்கடை பழக்கவழக்கத்தையும் கொஞ்சம் படி."

"அதைத்தான் அண்ணை படிக்கிறன்."

நான் பிறந்ததிலிருந்து அவரை எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடுவேன். அன்று அண்ணை என்றேன். ஊரில் எங்கள் ஆட்கள் அந்த வீட்டில் ஒருவரை அண்ணை என்றால் பல்லு மிஞ்சாது. அவர் சிகரெட்டைப் பனியில் போட்டு மிதித்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொன்னாலும் பகிடியாகத்தான் தெரியும். அப்பா மூன்றரை மணி நேரம் அந்தச் சூடான மண்டபத்துக்குள் கம்பளித் தொப்பியோடு இருந்தார். நடனம் பார்த்தார், பேச்சுக் கேட்டார், தொப்பியோடு. வேர்வை காதோரமாக வடிந்து சட்டைக் கழுத்தை நனைத்தது. "கழட்டுங்கோவன், இனி ஆர் பாக்கினம்," என்றார் அம்மா. "இப்ப கழட்டினால் அவருக்குக் கழட்டின மாதிரி இருக்கும்," என்றார் அப்பா. சாப்பாடு வந்தது. இலையில் பொங்கலும் வடையும் வைத்தார்கள். அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், கண்ணை மூடினார், வாய்க்குள் ஜெபம் செய்தார், ஆமென் சொன்னார், திரும்பத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்.

அந்த ஆங்கிலேயரும் அப்படித்தான் செய்தார்கள். மனிதருக்குக் கழற்றாத தொப்பியைக் கடவுளோடு பேசும்போது மட்டும் கழற்றினார்கள். அந்தப் பகுதியை நான் அப்பாவுக்குச் சொல்லியிருக்கவே இல்லை.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் அப்பா பட்டியில் நின்று, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, "தம்பி, அந்தத் தொட்டியைத் தள்ளுங்கோ," என்றார். அவர் தள்ளினார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. நீலத் தொப்பி தலையில் இருந்தது. பிளாஸ்டர் இல்லாமல். மார்ச் மாதத்தோடு அவருடைய தற்காலிக வேலை முடிந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அப்பா அந்த எச்சரிக்கைக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறார், அதன்மேல் இன்னொன்று வரவில்லை. தொழிற்சங்கப் பிரதிநிதிக்கு நான் பிறகு உண்மையைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "இங்கே, எங்கள் தொழிற்சாலையிலா?" என்றார்.

அத்தோடு முடிந்ததென்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். படித்தவனின் மடமை. தண்டம் அடிக்க நீதவான் வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

ஜூனில் தங்கை உயர்நிலைப் பள்ளி முடித்தாள். இந்த நாட்டில் கடைசிப் பரீட்சை முடிந்த பிள்ளைகளுக்கு வெள்ளைத் தொப்பி போட்டு, லொறியில் ஏற்றி ஊர் சுற்றிக் கொண்டாடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தொப்பி போட்ட முதல் பெண் அவள். அம்மா விழா வைக்க வேண்டும் என்று நின்றார். மண்டபம் எடுத்தோம். ஹேர்னிங்கில் விழாக்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் நூற்றுப்பத்துப் பேருக்குச் சாப்பாடு சொன்னோம். மற்ற வீட்டுக் கொண்டாட்டங்களுக்கெல்லாம் எங்கள் வீட்டார் போனவர்கள், வேலை செய்தவர்கள், சட்டி கழுவியவர்கள். அந்தக் கணக்கில்தான் அம்மா பட்டியல் எழுதினார். விதானையார் மகன் குடும்பத்துக்கும் அம்மா நேரே போய்ச் சொன்னார்.

பதில்கள் வரத் தொடங்கின. பாப்பம். அண்டைக்கு வேலை போலை கிடக்குது. பிள்ளைக்குச் சுகமில்லை. பாப்பம். ஒருவரும் வரமாட்டோம் என்று சொல்லவில்லை. தொப்பி என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. அம்மாவோடு பதினைந்து வருடம் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்த பெண் மட்டும், "உங்கட மனிசன் அண்டைக்கு அப்பிடிச் செய்திருக்கத் தேவையில்லை அக்கா, ஆரும் கேட்டவையே?" என்றாளாம்.

மூன்று நாளுக்கு முன் சமையல்காரர் போன் எடுத்தார். அவருக்கும் கதை எட்டியிருந்தது. நான் அப்போது வீட்டில் இருந்தேன். அம்மா போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டார்.

"அக்கா, நாப்பது பேருக்குக் குறைப்பமோ? எனக்கொண்டும் நட்டம் இல்லை. இப்ப சொன்னால் குறைக்கலாம்."

அப்பா குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அம்மா அவரைப் பார்த்தார். பிறகு போனை நோக்கிக் குனிந்தார்.

"குறைக்க வேண்டாம் தம்பி. கூப்பிட்ட ஆக்களின்ரை அளவுக்குச் சமையுங்கோ. கூப்பிட்டது எங்கடை வேலை. வராமல் விடுறது அவையின்ரை வேலை. நாளைக்கு ஒருத்தர், வந்திருந்தாலும் எனக்கு அங்கை சோறு இருந்திருக்காது எண்டு சொல்லக் கூடாது."

"அக்கா, காசு..."

"காசு குடுப்பம்."

வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். எங்கள் சபைக்காரர், தங்கையின் வகுப்புப் பிள்ளைகள், அயலவர், மீசை வைத்த தொழிற்சங்கப் பிரதிநிதியும் மனைவியும். நூற்றுப்பத்துக் கதிரையும் போட்டபடியே இருந்தன. ஒன்றையும் எடுத்து அடுக்க அம்மா விடவில்லை. தங்கை வெள்ளைத் தொப்பியோடு டெனிஷில் ஒரு பேச்சுப் பேசினாள், இடையில் இரண்டு வசனம் தமிழில். அப்பா வெறும் தலையோடு, வழுக்கை மினுங்க, முன் வரிசையில் நடுவில் இருந்தார். யாரும் அவரை அங்கே இருத்தவில்லை. அவராகப் போய் இருந்தார். விழா முடிய மிச்சச் சோற்றையும் கறியையும் பெட்டி பெட்டியாகக் கட்டிப் பக்கத்து மாடி வீடுகளுக்கும் தொழிற்சாலைப் போலந்துக்காரருக்கும் கொடுத்தோம்.

மறுநாள் காலை அப்பா என்னைப் பக்கத்தில் இருத்தி, வங்கிக் கணக்கிலிருந்து சமையல்காரருக்குப் பணத்தை அனுப்பச் சொன்னார். வந்தவர்களுடையதை ஒன்றாகவும் வராதவர்களுடையதை வேறாகவும் அனுப்பு, தண்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றார். முதலாவதை அனுப்பினேன். பிறகு இரண்டாவது: எழுபத்திரண்டு பேர், ஆளுக்குத் தொண்ணூறு, ஆறாயிரத்து நானூற்று எண்பது குரோனர்.